கும்மிடிப்பூண்டி முகாமும் அயல்நாட்டுப் பெற்றோரின் தங்கும் அனுமதியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்த ஊர் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பு உருக்காலைகளும் சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டியும் இவ்வூரின் அடையாளங்கள். தமிழ்நாட்டிலுள்ள பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்றும் இங்கேதான் உள்ளது. 1990ஆம் ஆண்டையொட்டி உருவான இம்முகாமில் இப்போது மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். இதே வட்டாரத்தில், சென்னையை ஒட்டிய புழல் காவாங்கரையிலும் ஒரு முகாம் உண்டு.

இம்முகாம்களில் வாழும் பெற்றோர் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டினர். அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்திய மண்ணில் பிறந்தவர்கள். பெற்றோர் எந்த அனுமதியின் பேரில் இங்கே தங்கியிருக்கிறார்கள், அந்த அனுமதி பிள்ளைகளின் நிலையை எவ்வாறு தீர்மானிக்கிறது என்னும் இரண்டு கேள்விகளின் வரலாறு இக்கட்டுரையில் தரப்படுகிறது.

அயல்நாட்டுப் பெற்றோர்: பொதுவான நடைமுறை

ஒரு நாட்டின் குடிமக்களுக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருக்கும் அயல்நாட்டவரைத் தங்க அனுமதிப்பதற்குப் பெரும்பாலான நாடுகள் ஏதேனும் ஒரு வழி வைத்துள்ளன. தாய்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, தாய்லாந்துக் குடிமகனாகவுள்ள குழந்தையின் அயல்நாட்டுப் பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறை தம் தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம். குழந்தையின் பிறப்புச் சான்று, உறவுக்கான ஆதாரம், குறிப்பிட்ட மாத வருமானம் அல்லது வங்கி வைப்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். 90 நாட்களுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கவும் வேண்டும். அலைச்சல் மிகுந்த நடைமுறைதான் என்றாலும், எந்தத் தாளை எங்கே கொடுத்தால் எது கிடைக்கும் என்பது விண்ணப்பிப்பவருக்குத் தெரியும்.

இந்தியாவிலும் இத்தகைய வழி உண்டு. இந்தியக் குடிமக்களின் குடும்பத்தினராகிய அயல்நாட்டவருக்கு நுழைவு விசா வழங்கப்படுகிறது. அதனை அயல்நாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம் நீட்டித்துத் தருகிறது. 2018ஆம் ஆண்டு முதல் இதற்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். ஆனால் இவ்வழிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. விண்ணப்பிப்பவரிடம் செல்லத்தக்க கடவுச்சீட்டும், அதில் செல்லத்தக்க விசாவும் இருக்க வேண்டும். நள்ளிரவில் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கியவர்களிடம் இவ்விரண்டும் இருப்பதில்லை. நீட்டிப்பதற்கு முதலில் ஓர் அனுமதி இருந்தாக வேண்டும். முகாம் மக்களின் சிக்கல் அந்த முதற்படியிலேயே தொடங்குகிறது.

கடல் தாண்டி வந்த வரலாறு

முகாம் மக்களில் இரு பிரிவினர் உள்ளனர். ஒரு பிரிவினர் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை முதலிய வடகிழக்குப் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஈழத்தமிழர். மற்றொரு பிரிவினர் பிரித்தானியர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர்.

மலையகத் தமிழரின் சிக்கல் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தோடு தொடங்கியது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டக் குடியிருப்புகளில் பிறப்புப் பதிவு முறையாக நடைபெறாத காலம் அது. பல லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட முற்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைத் தலா 75,000 எனப் பிரித்துக்கொள்ள 1974இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் உடன்பட்டனர். இவ்வேற்பாடு முழுமையாக நிறைவேறவில்லை. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால், இந்தியாவுக்கு வரவேண்டியிருந்த பலர் இலங்கையிலேயே தங்கிவிட்டனர். கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய மலையகக் குடும்பங்களும் இருந்தன. போர் மூண்டபோது இவர்களும் அகதிகளாகப் படகேறினர். முன்னோரின் நாட்டுக்கே அயலாராக வந்து சேர்ந்தவர்கள் இவர்கள்.

1983 ஜூலை இனக்கலவரத்தைத் தொடர்ந்து முதல் அலை வந்தது. 1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான பின் ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் முகாம்கள் பெருகியது இக்காலத்தில்தான். 1995க்குப் பின்னும், 2006இல் போர்நிறுத்தம் குலைந்த பின்னும் மேலும் பலர் வந்தனர். 1983 முதல் வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 3,04,269 எனத் தமிழ்நாடு அரசு 2021இல் தெரிவித்தது. அவ்வாண்டில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவுசெய்துகொண்ட 13,540 குடும்பங்களைச் சேர்ந்த 34,087 பேரும் இருந்தனர். பின்னவர்களை முகாம் மக்கள் ‘வெளிப்பதிவு’ என்று குறிப்பிடுவர்.

பதிவே அனுமதி

அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆகவே சட்டப் புத்தகத்தில் ‘அகதி’ என்றொரு வகை இல்லை. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம், 1939ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் பதிவுச் சட்டம், 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் ஆகியவையே இவர்களுக்கும் பொருந்தின. சுற்றுலா வந்து விசாக் காலம் கடந்து தங்கியவரும், குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவரும் அச்சட்டங்களுக்கு ஒருவரே.

நடைமுறையில் மத்திய அரசு இவர்களைத் தங்கவிட்டது. முகாம்களை மாநில அரசின் வருவாய்த் துறையும் மறுவாழ்வுத் துறையும் நடத்தின. கண்காணிப்பைக் காவல்துறையின் கியூ பிரிவு மேற்கொண்டது. மண்டபம் முகாமில் பதிவு முடிந்ததும் குடும்ப அடையாள அட்டை வழங்கப்பட்டது. பின்னர் அக்குடும்பம் ஏதேனும் ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டது. அந்த அட்டையும், முகாம் பதிவேட்டிலுள்ள பெயருமே தங்கும் அனுமதியாக அமைந்தன.

இவ்வனுமதிக்கு முடிவு நாள் எழுதப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, குறித்த நாட்களில் ஆள் தணிக்கை நடைபெறும். முகாமில் இதைச் ‘செக்கிங்’ என்பர். அதிகாரிகள் பதிவேட்டைப் பார்த்துப் பெயரை அழைக்க, ஒவ்வொருவரும் நேரில் வந்து நிற்க வேண்டும். பணக்கொடை வழங்குவதும் இதையொட்டியே நடக்கும். காரணமின்றித் தொடர்ந்து வராதவரின் பணக்கொடை நிறுத்தப்படும், பதிவிலிருந்து பெயர் நீக்கப்படவும் கூடும். வெளியூர் சென்று தங்குவதற்கு முன்அனுமதி பெற வேண்டும். அலுவலகத்தில் முத்திரை குத்தி நீட்டிக்கப்படும் விசாவுக்கு ஈடாக, முகாம்வாசியின் தங்கும் உரிமை அவர் நேரில் வந்து நிற்பதனாலேயே மாதந்தோறும் நீண்டுகொண்டிருந்தது எனலாம்.

இதன் விளைவு வேலையில் தெரிந்தது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள் பல இருந்தும், முகாமைச் சேர்ந்த ஆண்களில் பெரும்பாலோர் வண்ணம் பூசுதல், கட்டட வேலை, சுமை வேலை போன்ற நாட்கூலி வேலைகளையே நம்பினர். தணிக்கை நாளில் முகாமில் இருக்க வேண்டியவருக்குத் தொலைவூர் வேலை ஒத்துவராது. பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கோ அரசுப் பணியும், கடவுச்சீட்டு தேவைப்படும் வேலையும் எட்டாதவை. இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி தேவை என்பதால், சேமித்த பணத்தில் முகாமுக்கு வெளியே ஒரு மனை வாங்குவதும் எளிதாக இல்லை.

1991க்குப் பின்

1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்ட பின் முகாம்களின் சூழல் மாறியது. கண்காணிப்பு இறுகியது. 1992 ஜனவரி முதல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விருப்பமில்லாதவர்களும் கையெழுத்து வாங்கி அனுப்பப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் சென்னையில் இயங்கி, திரும்பிச் செல்வோரின் விருப்பத்தை நேரில் கேட்டறியும் ஏற்பாடு அவ்வாண்டில் ஏற்பட்டது. 1995 மார்ச் வரை 99,469 பேர் திரும்பிச் சென்றதாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு கூறுகிறது.

அயல்நாட்டவருக்கு இந்தியாவில் தங்கும் உரிமை எந்த அளவுக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றமும் அதே 1991ஆம் ஆண்டு ஒரு வழக்கில் ஆராய்ந்தது. 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்து, ஆண்டுதோறும் அனுமதியை நீட்டித்துவந்த பெல்ஜியப் பாதிரியார் லூயி டி ரேட் என்பவர் தொடுத்த வழக்கு அது. உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் பாதுகாப்பளிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு அயல்நாட்டவருக்கும் பொருந்தும், ஆனால் நாட்டில் எங்கும் தங்கி வாழும் 19ஆம் உறுப்பின் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பதாண்டு வாழ்ந்திருந்தாலும் அனுமதி அனுமதிதான், அது உரிமையாகாது என்பதே இதன் சாரம். 1996இல் சக்மா அகதிகள் வழக்கில், குடிமக்கள் அல்லாதோரின் உயிரையும் அரசு காக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. முகாம் மக்களின் சட்டநிலை இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்டது. அவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது, ஆனால் தங்குவதை உரிமையாகக் கோரவும் இயலாது.

பிள்ளைகளைப் பிரித்த மூன்று தேதிகள்

பெற்றோரின் நிலை இவ்வாறிருக்க, பிள்ளைகளின் நிலையை 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் தீர்மானித்தது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்றுள்ள வடிவில் மூன்று காலங்களைக் குறிப்பிடுகிறது.

1. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் எந்நாட்டினராயினும் பிறப்பால் இந்தியக் குடிமகன். அயல்நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு.

2. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால் குடிமகன்.

3. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் மாற்றத்தைக் கொண்டுவந்த 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நோக்க உரையில், வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து பெருந்தொகையினர் மறைவாக நுழைவதாக வந்த செய்திகள் காரணமாகச் சுட்டப்பட்டன. 1983க்குப் பின் படகில் வந்தவர்களும் அத்திருத்தத்தின் பின்னணியில் இருந்தனர். 2003இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லுக்கு வரையறை தந்தது. உரிய பயண ஆவணமின்றி நுழைந்தவரும், ஆவணத்தோடு நுழைந்து அனுமதிக்காலம் கடந்து தங்கியவரும் அவ்வரையறைக்குள் வருவர். அத்தகையோர் பதிவு வழியாகவோ, நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டி இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை கோர முடியாது என்றும் அத்திருத்தம் கூறியது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் குடும்பத்தின் மூலம் விளக்கலாம். 1984இல் வந்த பெற்றோருக்கு 1986இல் முகாமில் பிறந்த மூத்த மகள் பிறப்பால் இந்தியக் குடிமகள். 1989இல் அதே ஊரில், அதே அரசு மருத்துவமனையில் பிறந்த இளைய மகன் அயல்நாட்டவன். அந்த மகன் உள்ளூர் இந்தியப் பெண்ணை மணந்து 2015இல் ஒரு குழந்தை பிறந்தால், தந்தை சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படும் வரை, தாய் இந்தியராயினும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அதே குழந்தை 2004 நவம்பரில் பிறந்திருந்தால் தாயின் வழியாகக் குடியுரிமை கிடைத்திருக்கும். 1990இல் வந்து சேர்ந்தவர்களே மிகுதியாகவுள்ள கும்மிடிப்பூண்டி போன்ற முகாம்களில், 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவே இருக்க முடியும். ஆகவே முதல் விதியின் பயன் அங்கு மிகச் சிலரையே சென்றடையும்.

இலங்கைப் பக்கத்திலும் பெற்றோரின் தாளே அளவுகோலாக இருந்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால், அப்பிறப்பு இலங்கைத் தூதரகத்தில் பதிவாக வேண்டும். 2003 வரை தந்தை இலங்கைக் குடிமகனாக இருந்தால் மட்டுமே இது இயலும். அவ்வாண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகே தாய் வழியாகவும் குடியுரிமை கோர முடிந்தது. போரில் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் இழந்து வந்தவர்களுக்கு, தம் குழந்தையைப் பதிவுசெய்யத் தேவையான அடிப்படைத் தாள்களே கையில் இல்லை. சா.செ. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் முகாமாகச் சென்று இப்பதிவுகளுக்கு உதவியது. நாடற்றிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்க இலங்கை 2003இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அகதிகளாக வாழ்வோரும் பயன்பெறும் வகையில் அது 2009இல் திருத்தப்பட்டது.

இவ்வாறு பதிவாகாத குழந்தை இரு நாடுகளின் ஏட்டிலும் இடம்பெறாமல் போகும் அபாயம் உண்டு. இந்தியப் பிறப்புச் சான்று பிறந்த இடத்தைக் காட்டும், குடியுரிமையைத் தராது. பெற்றோர் இலங்கையர் என்பதை மெய்ப்பிக்காவிட்டால் இலங்கையும் அக்குழந்தையைத் தன் குடியாக ஏற்காது.

நீதிமன்றத்தின் வாயிலில்

இச்சிக்கல் பலமுறை நீதிமன்றம் சென்றது. 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. இந்திய வம்சாவளியினரான 65 முகாம்வாசிகள் குடியுரிமை கோரித் தொடுத்த வழக்கு அது. சட்டத்தின் சொற்படி அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள்தாம் என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதி, நீண்ட காலம் அரசின் கண்காணிப்பிலேயே முகாமில் வாழ்ந்தவர்கள் என்பதையும், இந்திய வம்சாவளியினர் என்பதையும் கருதி, விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்றார். மனுதாரர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும், அவ்விண்ணப்பங்களின் மீது 16 வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தினர் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது அச்சட்டம். இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2021 செப்டம்பர் 8 அன்று அச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின்போது, இலங்கைத் தமிழர் விடுபட்டதும் எடுத்துரைக்கப்பட்டது. இச்சட்டத்துக்கான விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியிடப்பட்டன.

2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை மற்றொரு வழக்கில், 1986இல் மண்டபத்தில் பிறந்த முகாம் பெண் ஒருவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று தீர்ப்பளித்து, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. பெற்றோர் இலங்கையர் என்பதற்காக அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. அவர் பிறந்த தேதி 1987 ஜூலை 1க்கு முந்தையது என்ற ஒன்றே வழக்கை முடித்துவைத்தது. சட்டம் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே தந்த உரிமையைப் பெற அவர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது.

எல்லாத் தீர்ப்புகளும் இத்திசையில் அமையவில்லை. 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர், தம் மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவில் வாழ்வதைக் காட்டித் தம்மைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி தீபாங்கர் தத்தா தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை. உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசாலை அல்ல என்ற கருத்தும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. குடும்பம் இங்கே இருப்பது மட்டுமே அயல்நாட்டுத் தந்தைக்குத் தங்கும் உரிமையைத் தராது என்பதை அம்முடிவு மீண்டும் காட்டியது.

பெயர் மாற்றமும் புதிய சட்டமும்

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களுக்காக 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முதன்மையானது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், பிற பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. வீடு, கல்வி, உதவித்தொகை ஆகியவற்றில் மாநில அரசு செய்யக்கூடியவை இவை. குடியுரிமையும் தங்கும் அனுமதியும் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

மத்திய அரசின் பக்கத்தில் மாற்றம் 2025இல் வந்தது. அயல்நாட்டினர் தொடர்பான நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக இயற்றப்பட்ட குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வெளியான விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9க்குள் இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கப்பட்டனர். மைத்திரிபால சிறிசேன இலங்கையின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும் அதே தேதியில்தான்.

பல ஆண்டுகள் வாய்மொழி இசைவிலும் பதிவேட்டிலும் மட்டுமே நின்ற அனுமதிக்கு இவ்வாணை முதன்முறையாகச் சட்ட வடிவிலான ஒரு பாதுகாப்பைத் தந்தது. பதிவு என்ற சொல் ஆணையிலேயே இடம்பெற்றதால், முகாம் பதிவேட்டிலும் வெளிப்பதிவிலும் உள்ள பெயரின் மதிப்பு கூடியது. ஆனால் இவ்விலக்கு எல்லாரையும் சேராது. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியவர்கள் தேதி வரம்புக்கு வெளியே நிற்கின்றனர்.

தீராத கேள்வி

தண்டனையிலிருந்து விலக்குப் பெறுவதும் குடியுரிமை பெறுவதும் ஒன்றல்ல. 2025 ஆணை ஒருவர் தங்கியிருப்பதைக் குற்றமாக்காமல் விடுகிறது. அவருக்கு வாக்குரிமையையோ கடவுச்சீட்டையோ அரசுப் பணியையோ அது தரவில்லை. தண்டனை இல்லையென்றால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பெயரும் நீங்குமா என்பது, இந்தியரை மணந்த முகாம்வாசிகளுக்கும் 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நேரடியாகப் பொருள்படும் கேள்வி. குடியுரிமைச் சட்டத்தில் அவ்வரையறை மாறாதவரை, அக்குழந்தைகள் ஒவ்வொருவரும் விண்ணப்பத்தையும் வழக்கையுமே நம்ப வேண்டியுள்ளது.

முகாம் மக்களின் விருப்பமும் ஒரே வகையானதன்று. முதியோர் சிலர் காணியைத் தேடி ஊர் திரும்ப விரும்புகின்றனர். அவர்களுக்கு வெளியேறும் அனுமதி, இலங்கைப் பயண ஆவணம், திரும்பிய பின் வாழ்வதற்கான உதவி ஆகியவை தேவை. தமிழ்நாட்டில் படித்து, இங்கேயே மணமுடித்து, இலங்கையை ஒருமுறைகூடப் பார்த்திராத இளையோர் பலர் இங்கேயே தங்க விரும்புகின்றனர். ஒரே குடும்பத்தில் இவ்விரு விருப்பங்களும் இருக்கும்போது, பெற்றோரும் பிள்ளைகளும் வெவ்வேறு நாட்டில் வாழ நேரிடும் என்ற அச்சம் எழுகிறது. திரும்பிச் சென்ற தந்தை பிள்ளைகளைப் பார்க்க வருவதற்கும், கடவுச்சீட்டு இல்லாத பிள்ளைகள் தந்தையைப் பார்க்கச் செல்வதற்கும் எளிய வழி இல்லை.

1948இல் கொழும்பில் இயற்றப்பட்ட சட்டம் பிள்ளையின் உரிமையைத் தந்தையின் பிறப்புச் சான்றோடு கட்டியது. 1986, 2003 ஆகிய ஆண்டுகளில் புதுடெல்லியில் நிறைவேறிய திருத்தங்கள் அதைப் பெற்றோரின் குடியுரிமையோடும், அவர்கள் நுழைந்த முறையோடும் கட்டின. தோட்டத்திலிருந்து வன்னிக்கும், வன்னியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் இடம்பெயர்ந்த ஒரு மலையகக் குடும்பம் இச்சட்டங்கள் அனைத்தையும் தன் வாழ்நாளிலேயே கண்டுவிட்டது. அக்குடும்பத்தின் பேரக்குழந்தைகள் இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படிக்கின்றனர். பள்ளி இறுதி வகுப்பை முடித்து வேலைக்கான விண்ணப்பத்தில் ‘நாட்டினம்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது அவர்கள் என்ன எழுதலாம் என்பதை முடிவுசெய்ய வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்திடமும் மத்திய உள்துறை அமைச்சகத்திடமும் உள்ளது.